பண்டிகைச் சீட்டுப் பணம் யாருடையது?

இங்கிலாந்தில் சாமானியக் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் பெருஞ்செலவு. வான்கோழி, மின்ஸ் பை, உலர்திராட்சையும் பட்டையும் சாதிக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் புட்டிங் என்று பட்டியல் நீளும். புட்டிங்கைச் சில வாரம் முன்னரே செய்து ஊறவிடுவதால் மளிகைச் சரக்கு நவம்பரிலேயே நகர்ந்துவிடும். (நம் தீபாவளிச் சரக்கு நகர்வதைப் போலத்தான்.)

இந்தச் செலவைச் சமாளிக்க, விக்டோரியா ராணி காலத்திலேயே கூலிக்காரர்கள் மதுக்கடைக்காரரிடம் வாரந்தோறும் சில காசு கட்டி, பண்டிகைக்கு ஒரு வாத்து வாங்கிப் போனார்கள். அந்த வழக்கத்தில் வந்ததுதான் ஃபேர்பேக் என்ற நிறுவனத்தின் சீட்டு. 2006 அக்டோபரில், பண்டிகைக்கு இரண்டரை மாதம் இருக்கையில், அது திவாலானது. பணம் கட்டிய லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருளும் வரவில்லை. பிற்பாடும் முழுத்தொகை திரும்பவில்லை. அவர்கள் கட்டியது தனியே வைக்கப்படாமல் தாய் நிறுவனத்தின் கடன் கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தது. அதன்பிறகே அங்கே சீட்டுப் பணத்தைத் தனிக்கணக்கில் வைக்கும் ஏற்பாடு வந்தது.

நம் பலகாரச் சீட்டும் இதே ரகம். கட்டுகிறவர் நம் முகத்தைப் பார்த்துக் கட்டுகிறார். அந்தப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். எனக்குத் தரவேண்டிய சரக்குப் பாக்கிக்கும் அதைத் தொடவேண்டாம். பாக்கியை நான் பிறகு வாங்கிக்கொள்கிறேன்.