பத்து வயதில் ஒரு தீர்ப்பு

"அங்க பிறந்த பிள்ளைக்கு என்ன குறை? படிப்புத் தானா வரும்." எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்படித்தான் முடியும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2003ஆம் ஆண்டு அக்காவின் தொலைபேசி அழைப்பு வரும்வரை.

அக்கா 1989இல் ஜேர்மனிக்குப் போனவள். ஸ்டுட்கார்ட் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். அத்தானுக்கு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை, அக்காவுக்குக் கட்டடங்கள் துப்புரவாக்கும் வேலை. மகள் 1993இல் அங்கேயே பிறந்தாள். நாலாம் வகுப்பு முடிகிற நேரம் அது. "பிள்ளையை ஆகக் கீழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போகினமாம்" என்று அக்கா அழுதாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் அறிந்தேன். ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்போடு, பத்து வயதிலேயே, பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். அப்போது மூன்று பாதைகள் இருந்தன. கிம்னாசியம் போனால் பல்கலைக்கழகம். ரெயால்சூல என்பது நடுத்தரம். ஹவுப்ட்சூல போனால் கைத்தொழில். அக்கா இருக்கும் மாநிலத்தில் 2012 வரை ஆசிரியரின் பரிந்துரையை மீறுவது இலகுவான காரியமல்ல. எங்கள் ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசில் பரீட்சைக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். ஆனால் இங்கே அதில் புள்ளி குறைந்த பிள்ளையும் தன் பள்ளிக்கூடத்திலேயே இருந்து ஓ.எல்., ஏ.எல். எடுக்கலாம்.

இது அக்காவின் பிள்ளைக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல. ஓ.ஈ.சீ.டி. என்ற சர்வதேச அமைப்பு 15 வயது மாணவருக்குப் பிசா என்ற சோதனையை நடத்துகிறது. 2003இல் நடந்த சோதனையைக் கொண்டு, குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி 2006இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஜேர்மனியில் அந்நாட்டவரின் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக 525 புள்ளி. பெற்றோருடன் வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் 454. வெளிநாட்டுப் பெற்றோருக்கு ஜேர்மனியிலேயே பிறந்த பிள்ளைகள் 432. அங்கேயே பிறந்து, முதலாம் வகுப்பிலிருந்து அங்கேயே படித்த பிள்ளைகள்தான் ஆகக் கீழே! கனடாவில் அதே வரிசையில் 537, 530, 543. அங்கே பிறந்த பிள்ளைகள் மற்ற எல்லோரையும்விட ஒரு படி மேல். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்கூடப் பெரிய இடைவெளி இல்லை.

இலக்கங்களைப் பார்த்து அவசரப்படவும் கூடாது. ஜேர்மனிக்குப் புதிதாக வந்த பிள்ளைகளில் பலர் பழைய சோவியத் நாடுகளிலிருந்து வந்த ஜேர்மன் வம்சாவளியினர். அங்கே பிறந்தவர்களில் பலர் தொழிற்சாலை வேலைக்கு வந்த துருக்கியரின் பிள்ளைகள். இரண்டும் ஒரே கூட்டமல்ல. கனடாவோ 1967 முதல் படிப்புக்கும் தொழிலுக்கும் புள்ளி போட்டு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் நாடு. படித்த தாய் தகப்பனின் பிள்ளை படிப்பதில் என்ன அதிசயம்?

ஆனால் என் தம்பி புள்ளி எடுத்துப் போனவனல்ல, அகதியாகப் போனவன். அவனுடைய மகன் 2001இல், ஒன்பது வயதில், வவுனியா முகாமிலிருந்து ஸ்காபரோவுக்குப் போய்ச் சேர்ந்தான். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. பள்ளிக்கூடம் அவனைத் தன் வயதுப் பிள்ளைகளோடே இருத்தியது. நாளுக்குக் கொஞ்ச நேரம் வேறொரு ரீச்சர் கூட்டிப்போய் ஆங்கிலம் படிப்பித்தார். எட்டாம் வகுப்பு முடியும்வரை அவனை யாரும் தரம் பிரிக்கவில்லை. (ஒன்பதாம் வகுப்பில் அங்கும் பிரிப்பு இருந்தது, 2021இல்தான் அதை நீக்கத் தொடங்கினார்கள்.) சனிக்கிழமைகளில் கல்விச் சபையே தமிழ் வகுப்பும் நடத்தியது.

அக்கா மகளின் பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு முடிந்துவிடும். மிச்சப் படிப்பு வீட்டில். வீட்டிலே ஜேர்மன் மொழி தெரிந்த ஒரு தாய் இருந்து வீட்டுப்பாடம் பார்ப்பாள் என்ற கணக்கில் அமைந்த முறை அது. அக்கா பின்னேரம் வேலைக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவாள். வந்தாலும் அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாது. பிள்ளை கணக்கில் கெட்டி. ஆனால் கணக்கைக் கதையாக எழுதிக் கேட்டால் தடுமாறுவாள். அது கணக்கின் குறையா, மொழியின் குறையா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பிசா தந்த அதிர்ச்சியின் பிறகு, 2003இல், முழுநாள் பள்ளிக்கூடங்களுக்கென ஜேர்மன் அரசு 400 கோடி யூரோ ஒதுக்கியது. பல மாநிலங்கள் கீழ்ப் பாதையை நடுப் பாதையோடு சேர்த்தும்விட்டன. பத்து வயதுப் பிரிப்பு மட்டும் பெரும்பாலான இடங்களில் இன்னும் இருக்கிறது.

அந்த அறிக்கையில் என் மனதைத் தொட்டது வேறொன்று. இந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கும் ஆர்வம் உள்நாட்டுப் பிள்ளைகளைவிடக் குறைவில்லை, பல இடங்களில் கூட என்கிறது அது. ஆர்வமில்லாத பிள்ளை என்றுதான் அக்காவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மருமகள் சுற்றுவழியால்தான் ஏறினாள். ஹவுப்ட்சூல முடித்து, பத்தாம் வகுப்பும் படித்து, பிறகு தொழில்சார் கிம்னாசியத்தில் மூன்று வருடம். 2012இல் பல்கலைக்கழகம் போகும் தகுதிப் பரீட்சையில் சித்தியடைந்தாள். இப்போது கணக்காளராக வேலை. அதற்குள் அக்காவும் மாலை வகுப்பில் மொழி படித்தாள். மகனுடைய முறை வந்தபோது, மொழி தெரிந்த ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டுதான் ரீச்சரைப் பார்க்கப் போனாள்.

ஏனென்றால் மகளின் முறையில் மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை. ரீச்சருக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்து, தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தாய்க்குத் தமிழில் சொன்னது அந்தப் பத்து வயதுப் பிள்ளைதான். போன முறை ஊருக்கு வந்தபோது அதைப் பற்றிக் கேட்டேன்.

"ரீச்சர் சொன்னதில பாதியைத்தான் அம்மாவுக்குச் சொன்னனான் சித்தி" என்றாள். மற்றப் பாதி என்ன என்று நான் கேட்கவில்லை.