துப்பாக்கி உரிமத்தின் பின்வாசல்

2025 அக்டோபரில் மகாராஷ்டிர அரசியலில் ஒரு துப்பாக்கி உரிமம் பெரும் சர்ச்சையாயிற்று. புனேயின் கோத்ரூட் பகுதியில் செயல்படும் ரௌடிக் கும்பல் ஒன்றின் தலைவருடைய உடன்பிறந்தவர் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். புனே மாநகரக் காவல்துறை மறுத்தது. அவர் மேல்முறையீடு செய்தார். அதை விசாரித்த உள்துறை இணையமைச்சர் யோகேஷ் கதம், 2025 ஜூனில் காவல்துறையின் மறுப்பை நீக்கி உரிமம் வழங்க உத்தரவிட்டார். செப்டம்பரில் கோத்ரூட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அந்தக் கும்பலின் பெயர் அடிபட்ட பிறகே இந்த உத்தரவு பொதுவெளிக்கு வந்தது. இணையமைச்சர் பதவி விலக வேண்டும் என்றனர் எதிர்க்கட்சியினர். விண்ணப்பதாரர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவர் என்பது அமைச்சர் தரப்பின் விளக்கம். உத்தரவு பிறந்தும் காவல்துறை உரிமத்தை வழங்கவில்லை, ஆகவே குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை என்றார் முதலமைச்சர் ஃபட்னவிஸ்.

விவாதம் அத்துடன் அடங்கிவிட்டது. பதவி விலகுவாரா, மாட்டாரா என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் ஊடகங்கள் அடுத்த செய்திக்குச் சென்றுவிட்டன. ஆனால் முதலமைச்சரின் விளக்கத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். காவல்துறை ஓர் அரசாணையைச் செயல்படுத்தாமல் வைத்திருந்ததே நமக்குப் பாதுகாப்பு என்று அது சொல்கிறது. ஒரு நகரத்தின் பாதுகாப்பு, அதிகாரி ஒருவர் கோப்பை நகர்த்தாமல் விட்டதில் தங்கியிருக்குமானால் குறை அமைச்சரோடு முடிந்துவிடாது. சட்டத்தின் கட்டமைப்பிலேயே அது இருக்கிறது. இப்பதிவு அந்தக் கட்டமைப்பைப் பற்றியது.

துப்பாக்கிக் கட்டுப்பாடு என்றவுடன் நம் கல்விப்புலத்தில் பேச்சு அமெரிக்காவுக்குச் சென்றுவிடுகிறது. இந்தியாவில் கடுமையான சட்டம் இருக்கிறது, நமக்கு அந்தச் சிக்கல் இல்லை என்ற நிம்மதியும் உடன்வருகிறது. எழுத்தளவில் அது உண்மைதான். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் கேட்பவரைப் பற்றி அருகிலுள்ள காவல் நிலையத்தின் பொறுப்பு அதிகாரி அறிக்கை தரவேண்டும். 2016ஆம் ஆண்டின் விதிகள் அவ்வறிக்கைக்கு 30 நாள் கெடு வைத்து, உடல்நலம், மனநலம் பற்றிய மருத்துவச் சான்றையும் கேட்கின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுடுவதையும் தனிக் குற்றமாக்கியது. அதே திருத்தம் உரிமத்தின் ஆயுளை மூன்றாண்டுகளிலிருந்து ஐந்தாண்டுகளாக நீட்டியது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. உரிமதாரரை அரசு மறுபடி திரும்பிப் பார்க்கும் இடைவெளி இரண்டாண்டு கூடிவிட்டது.

கதவு உறுதியானதுதான். பின்வாசல்கள் இரண்டு உள்ளன.

முதலாவது, மௌனம். சட்டத்தின் 13ஆவது பிரிவில் ஒரு காப்புவாசகம் உண்டு. காவல் நிலையம் உரிய காலத்துக்குள் அறிக்கை அனுப்பாவிட்டால், உரிமம் வழங்கும் அதிகாரி அதற்காக மேலும் காத்திராமல் தாம் பொருத்தமெனக் கருதும் ஆணையைப் பிறப்பிக்கலாம். விண்ணப்பதாரரை அதிகார மெத்தனத்திலிருந்து காப்பதே இதன் நோக்கம் என்று கொள்ளலாம். ஆயினும் இதன் விளைவு என்னவாகக்கூடும் என்பதற்கு அமெரிக்காவில் சான்று இருக்கிறது. அங்கு 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டப்படி, பின்னணி விசாரணையின் முடிவு மூன்று வேலை நாட்களுக்குள் வராவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியை விற்கலாம். 2015இல் சார்ல்ஸ்டன் நகரின் கறுப்பினத்தவர் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்ற இளைஞன் இவ்வாறு முடிவு வராத நிலையில்தான் துப்பாக்கியை வாங்கினான். துப்பாக்கியை உரிமையாகக் கருதும் நாடும் சலுகையாகக் கருதும் நாடும் ஒரே ஓட்டையைச் சட்டத்தில் வைத்திருக்கின்றன. பதில் வராமையை இரண்டுமே ஐயத்தின் அறிகுறியாகக் கொள்வதில்லை.

இரண்டாவது, மேல்முறையீடு. உரிமம் மறுக்கப்பட்டவர் 18ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். இது தேவையான உரிமையே. ஆனால் அந்த மேல்முறையீடு, புனே விவகாரத்தில் நடந்ததுபோல், தேர்தலில் நிற்கும் ஓர் அமைச்சரின் மேசையில் முடிகிறது. உரிமத்தை மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்று 14ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. வழங்குபவருக்கு அப்பிரிவில் அத்தகைய கட்டளை ஏதுமில்லை. மறுப்பவர் விளக்கம் சொல்லவேண்டும், கொடுப்பவர் சொல்லவேண்டியதில்லை என்றால், அழுத்தம் எந்தப் பக்கம் சாயும் என்பதை அறிய அரசியல் அறிவியலில் பட்டம் வேண்டாம்.

இங்கே அமைச்சர் தரப்பின் வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். விடுதலையானவரை வாழ்நாள் முழுவதும் குற்றவாளியாக நடத்தலாமா? கூடாது. 9ஆவது பிரிவும் தண்டனை பெற்றவரைத்தான் தடைசெய்கிறது, அதையும் காலவரம்போடு செய்கிறது. ஆனால் தண்டனையும் உரிம மறுப்பும் ஒன்றல்ல. ஒருவரைச் சிறையிலடைக்க ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் வேண்டும். ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்காமலிருக்க நியாயமான ஐயமே போதும். ஆயுதம் தாங்குவது அமெரிக்காவில் அரசமைப்பு உரிமை, இந்தியாவில் அப்படியொரு அடிப்படை உரிமை இல்லை என்பதை 2023 பிப்ரவரியில் நீதிபதிகள் கே.எம். ஜோசப், பி.வி. நாகரத்னா அமர்வு சுட்டிக்காட்டியது. ஆகவே விடுதலைத் தீர்ப்பு என்பது வாதத்தின் தொடக்கம்தான். சாட்சிகள் பிறழ்சாட்சிகளாக மாறுவது வாடிக்கையாகிவிட்ட நாட்டில் அது முடிவாக இருக்க முடியாது.

குற்றப்பதிவேட்டை மட்டும் புரட்டும் விசாரணை எதைக் காணத் தவறுகிறது என்பதைப் புனேயின் அண்மை நிகழ்வுகளே காட்டுகின்றன. 2023 ஜூலையில், அமராவதியில் உதவி ஆணையராகப் பணியாற்றிய காவல் அதிகாரி ஒருவர் புனேயிலுள்ள தம் வீட்டில் மனைவியையும் உறவினரான இளைஞரையும் உரிமம் பெற்ற சொந்தத் துப்பாக்கியால் சுட்டுக்கொன்று, தாமும் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னணி விசாரணை செய்யும் துறையைச் சேர்ந்தவரே அவர். 2024 ஜூலையில், பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி பூஜா கேட்கர் மீதான சர்ச்சையின்போது, அவருடைய தாயார் முல்ஷி வட்டத்தில் நிலத்தகராறு ஒன்றில் விவசாயிகள் முன் துப்பாக்கியைக் காட்டி மிரட்டும் காணொளி வெளியாயிற்று. அது முந்தைய ஆண்டில் நடந்தது. காணொளி பரவிய பிறகே கைதும், உரிமத்தை ஏன் ரத்துசெய்யக் கூடாது என்ற அறிவிப்பும் வந்தன. 2025 மே மாதம், அரசியல் செல்வாக்குள்ள குடும்பமொன்றின் மருமகள் வரதட்சணைக் கொடுமைப் புகாருக்கிடையே இறந்தார். அவருடைய கணவரும் கணவரின் சகோதரரும் பொய்யான முகவரி காட்டித் துப்பாக்கி உரிமம் பெற்றதாகப் பின்னர் வழக்குகள் பதிவாயின. முகவரியைச் சரிபார்ப்பது எந்த விசாரணைக்கும் முதற்படி. அந்த முதற்படியே ஒரு மரணத்துக்குப் பிறகுதான் ஏறப்பட்டது.

மாநிலத்தின் பிற பகுதிகளிலும் இதே நிலைதான். 2024 பிப்ரவரி 2 அன்று உல்லாஸ்நகரில், காவல் நிலையத்துக்குள்ளேயே, பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினர் கண்பத் கெய்க்வாட் சிவசேனைப் பிரமுகர் ஒருவரை உரிமம் பெற்ற தம் துப்பாக்கியால் சுட்டார். ஒரு வாரத்துக்குள் மும்பை தஹிசரில் முன்னாள் மாமன்ற உறுப்பினர் அபிஷேக் கோசால்கர் நேரலையின்போது சுட்டுக்கொல்லப்பட்டார். கொலையாளி பயன்படுத்தியது அவருடைய மெய்க்காவலரின் துப்பாக்கி. அதன் உரிமம் உத்தரப் பிரதேசத்தில் பெறப்பட்டது.

‘கொலைகள் பெரும்பாலும் கள்ளத் துப்பாக்கிகளால் நடக்கின்றன, உரிமத் துப்பாக்கிகளைப் பற்றி ஏன் இத்தனை கவலை?’ என்று கேட்கலாம். வலுவான கேள்வி. புனேயின் கும்பல் மோதல்களில் புழங்குபவை பெரும்பாலும் நாட்டுக் கைத்துப்பாக்கிகளே. 2025 நவம்பரில் புனே காவல்துறை எல்லை தாண்டி மத்தியப் பிரதேசத்தின் உமர்தி என்ற ஊரில் திடீர்ச் சோதனை நடத்தித் துப்பாக்கிப் பட்டறைகளை அழித்ததும் அதனால்தான். அப்பணி தொடரவேண்டும். ஆனால் கள்ளத் துப்பாக்கி சட்டத்தை மீறி வருகிறது, உரிமத் துப்பாக்கி அரசின் முத்திரையோடு வருகிறது. முன்னதைத் தடுக்க அரசு போராடுகிறது, பின்னதை அரசே கையில் கொடுக்கிறது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு நிலத்தகராறுக்குச் செல்பவர் சுடவேண்டிய அவசியமே இல்லை. அரசு தம் பக்கம் நிற்கிறது என்பதை எதிரிலிருப்பவருக்குக் காட்டினால் போதும்.

பீட் மாவட்டம் இதற்குச் சான்று. 2024 டிசம்பரில் மஸாஜோக் ஊராட்சித் தலைவர் சந்தோஷ் தேஷ்முக் கடத்திக் கொல்லப்பட்டபோது அங்கே துப்பாக்கி எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் அந்தக் கொலைக்குப் பின்னர்தான் அம்மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கி உரிமங்கள் புழக்கத்தில் இருப்பதை மாநிலம் கவனித்தது. அடுத்து வந்த மாதங்களில் பல உரிமங்கள் ரத்தாயின. சில வாரங்களில் ரத்துசெய்ய முடிந்தவை எந்த விசாரணையின் பேரில் வழங்கப்பட்டன?

இத்தனைக்கும் மகாராஷ்டிரம் இவ்வகையில் முன்னணி மாநிலமன்று. 2016 இறுதி நிலவரப்படி மத்திய உள்துறை வெளியிட்ட கணக்கில் நாடெங்கும் சுமார் 33.7 லட்சம் உரிமங்கள். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். மகாராஷ்டிரத்தில் ஏறத்தாழ 84,000, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 22,500. ஒரே சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் இவ்வளவு வேறுபட்ட எண்ணிக்கையைத் தருகிறதென்றால், எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில் சட்டத்தின் சொற்களைவிட உள்ளூர் அதிகாரத்தின் பழக்கவழக்கங்களுக்குப் பங்கு அதிகம்.

இந்த விருப்புரிமைக்கு நீண்ட வரலாறு உண்டு. லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டது, இன்று புனேப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் அதே கணேஷ்கிண்ட் சாலையில்தான். குடிமக்களின் உயிரைவிட ஆட்சியாளர்களின் பாதுகாப்பை எண்ணி எழுதப்பட்ட சட்டம் அது. விடுதலைக்குப் பிறகு இனப் பாகுபாடு நீங்கியது. ‘நம்மவர் யார்’ என்று பார்த்துக் கொடுக்கும் பழக்கம் நீங்கவில்லை.

ஆகவேதான் காவல்துறையின் அறிக்கையே இறுதி என்று முடிவுகட்டவும் தயங்குகிறேன். பார்தி போன்ற சீர்மரபினரைப் பிறப்பாலேயே ஐயத்துக்குரியவராகக் கண்ட மரபு நம் காவல் நிலையங்களில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. உண்மையாகவே அச்சுறுத்தலுக்கு உள்ளானோரின் நிலை என்ன? வன்கொடுமைத் தடுப்பு விதிகள் (1995) வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் பிற சாதியினரின் துப்பாக்கி உரிமங்களை ரத்துசெய்யவும், தேவையெனில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கவும் மாநில அரசுக்கு வழிசெய்கின்றன. உரிமத்தை அதிகாரச் சமநிலையின் கருவியாகப் பார்த்த அரிய சட்ட வாசகம் இது. கோத்ரூட் உரிமத்துக்காக அமைச்சகம் காட்டிய ஊக்கத்தை இவ்விதிக்காகவும் காட்டியிருந்தால் இந்த விவாதம் வேறு தரத்தில் நடந்திருக்கும். புனேயை அடுத்த தளேகாவில் நில முறைகேடுகளை வெளிக்கொணர்ந்த தகவல் உரிமைச் செயற்பாட்டாளர் சதீஷ் ஷெட்டி காவல் பாதுகாப்புக் கோரியிருந்தார். 2010 ஜனவரியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். உயிருக்கு ஆபத்து என்ற காரணம் யாருடைய வாயிலிருந்து வரும்போது அரசின் காதில் விழுகிறது என்பதே உரிமப் பட்டியலின் உள்ளுறை.

என் முடிபு இதுதான்: விசாரணையைக் கடுமையாக்கினால் மட்டும் போதாது. அதை அரசியல் மேசையிலிருந்து அகற்றி, காரணங்களோடு வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு நான்கு மாற்றங்கள் போதும்.

ஒன்று, மேல்முறையீட்டை மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் விசாரிக்க வேண்டும். வழங்கினாலும் மறுத்தாலும் காரணம் எழுதப்பட வேண்டும்.

இரண்டு, காவல்துறை அறிக்கை வராமல் எந்த உரிமமும் வழங்கப்படக் கூடாது. தாமதத்துக்கான பொறுப்பை அதிகாரியின்மீது சுமத்தலாம், ஊரின்மீது சுமத்தக் கூடாது.

மூன்று, வீட்டாரைக் கேட்க வேண்டும். கனடாவில் உரிமம் கோருபவரின் இந்நாள் துணைக்கும், அண்மையில் பிரிந்த துணைக்கும் விண்ணப்பம் தெரிவிக்கப்படுகிறது. குடும்ப வன்முறைப் புகார் பதிவான நாளிலேயே துப்பாக்கி ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற விதி இங்கும் வேண்டும். உரிமத்தை நிறுத்திவைக்க 17ஆவது பிரிவு ஏற்கெனவே இடம்தருகிறது, அதைக் கட்டாயமாக்கினால் போதும்.

நான்கு, ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் எத்தனை உரிமங்கள் வழங்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன, மேல்முறையீட்டில் எத்தனை மாற்றப்பட்டன என்ற கணக்கைப் பெயர்களின்றி வெளியிட வேண்டும். தேசியத் தரவுத்தளம் இருக்கும்போது இது அரிய செயலன்று.

நான்காவது கோரிக்கைக்கு நம்மைப்போன்ற ஆய்வாளர்கள் அரசை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. மாவட்ட வாரியான எண்ணிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். புனே, பீட், நாசிக் என்று ஒவ்வொருவர் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டாலும் ஓராண்டில் ஒரு வரைபடம் கிடைத்துவிடும். மாணவர்கள் முன்வந்தால் கேள்விப் படிவத்தைச் சேர்ந்தே எழுதலாம். அடுத்த முறை ஓர் உத்தரவு வெளியே கசியும்போது, அது தனியொரு சம்பவமா, வழக்கமா என்று சொல்லும் கணக்காவது நம் கையில் இருக்கட்டும்.