டால்பி பட்டனும் மில்லுக்காரர் காதும்

புதுசா போன் வாங்கப் போனீங்கன்னா கவனிச்சுப் பாருங்க. தளி ரோட்டுக் கடையா இருந்தாலும் சரி, கோயமுத்தூர் காந்திபுரம் ஷோரூமா இருந்தாலும் சரி, கடைத்தம்பி நம்ம காதுல ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டு ஒரு பாட்டைப் போடுவார். பாதிப் பாட்டுல 'டால்பி அட்மாஸ்' பட்டனைத் தட்டுவார். "எப்படிங்ணா இருக்கு?"ம்பார். சும்மா சொல்லக்கூடாது, அந்த நிமிஷம் அட்டகாசமாத்தான் இருக்கும். அடுத்த வரியே, "இதே இன்னொரு மாடல்ல வராதுங்ணா, ஆயிர ரூவாதான் சேத்தி".

அந்த ஆயிர ரூவாயைப் பத்தித்தான் இந்தப் பதிவு. போன்ல இருக்குற சத்த செட்டிங்குக எல்லாம் (டால்பி, 3டி சரவுண்ட், அப்ஸ்கேலர், பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர், அந்த வகையறா) நெசமாவே ஹெட்போன் சத்தத்தை நல்லாக்குதா? பாதி டகால்ட்டி, கால்வாசி ருசி, மீதி கால்வாசி அக்மார்க் நெசம். ஆனா அந்த நெசமான கால்வாசியை யாரும் விளம்பரம் பண்றதில்லைங்கறதுதான் என்னோட வருத்தம்.

முதல்ல அந்தக் கடைத்தம்பியோட வித்தை. பல போன்கள்ல இந்த பட்டனை ஆன் பண்ணினதும் சத்தத்தோட அளவே கொஞ்சம் ஏறிடும். நமக்கு அது 'வால்யூம் ஏறிடுச்சு'ன்னு தெரியாது, 'தெளிவா ஆயிடுச்சு'ன்னு தெரியும். காரணம் நம்ம காதுதான். 1933-லயே அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல ஃபிளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் இதை அளந்து வரைஞ்சு வச்சிட்டாங்க. சத்தம் கம்மியா இருக்கும்போது அடித்தொண்டைச் சத்தமும் (பேஸ்) உச்சத்துச் சத்தமும் நம்ம காதுக்குக் கொஞ்சமாத்தான் எட்டும், நடுவுல இருக்குறது மட்டும் நல்லா எட்டும். வால்யூமை ஏத்த ஏத்த அந்த ரெண்டு ஓரமும் நிறைஞ்சு வரும். ஆக ஒரே பாட்டை ரெண்டு டெசிபல் ஏத்தி வச்சா, தபேலா கொழுத்து, சலங்கை மின்னி, 'ஆஹா, குவாலிட்டி'ன்னு தோணும். ஆடியோ பொட்டி விக்கறவங்களுக்கு ரொம்ப காலமாத் தெரிஞ்ச ரகசியம் இது. இப்ப அது போனுக்குள்ள வந்து உக்காந்திருக்கு, அவ்வளவுதான்.

அதனால சோதனைன்னு பண்ணினா ரெண்டு விஷயம் வேணும். சத்த அளவு சமமா இருக்கணும். எது ஆன், எது ஆஃப்னு கேக்கறவனுக்குத் தெரியக்கூடாது. இந்த ரெண்டும் இல்லாம யூட்யூப்ல 'ஆன் பண்ணிப் பாத்தேன், வேற லெவல்'னு சொல்றதெல்லாம் மொக்கை. (சொல்றவங்க பொய் சொல்லலை. அவங்க காதுக்கு நெசமாவே அப்படித்தான் கேட்டிருக்கும்.)

நான் பண்ணினது இதுதான். ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு வாரக்கடைசியில உடுமலைக்கு வந்திருந்தப்போ, போன்ல இருந்து ஒயர் போட்டு லேப்டாப்ல பாட்டைப் பதிவு பண்ணிக்கிட்டேன். ஒவ்வொரு பாட்டும் ரெண்டு தடவை, செட்டிங் ஆஃப்ல ஒண்ணு, ஆன்ல ஒண்ணு. அடாசிட்டில போட்டு ரெண்டுத்தோட சராசரி அளவையும் சமம் பண்ணினேன். அப்பறம் ஃபூபார்2000 ப்ளேயர்ல ஏபிஎக்ஸ்னு ஒரு வசதி இருக்கு. அது 'அ', 'ஆ' ரெண்டையும் போட்டுக் காட்டிட்டு, மூணாவதா ஒண்ணைப் போட்டு 'இது எது?'ன்னு கேக்கும். 1982-லேர்ந்து ஆடியோ ஆராய்ச்சிக்காரங்க பயன்படுத்துற முறைதான். 16 சுத்து வச்சுக்கறது வழக்கம். காசைச் சுண்டிப் போட்டு 12-க்கு மேல சரியா வர்றதுக்கு நூத்துக்கு நாலு தடவைகூட வாய்ப்பில்லை. அதனால 12 எடுத்தா 'நெசமாவே வித்தியாசம் தெரியுது'ன்னு ஒத்துக்கலாம். இன்ஜினியரிங்ல நாலு வருஷம் படிச்ச ப்ராபபிலிட்டிக்கு இப்படி ஒரு வேலை கிடைச்சதுல கொஞ்சம் சந்தோசம் :-)

அப்ஸ்கேலர் மேட்டர் சீக்கிரம் முடிஞ்சிடும். எம்பி3 ஆக்கும்போது வெட்டிப் போட்ட சத்தத்தை 'மறுபடி உருவாக்கித் தர்றோம்'கறதுதான் இந்த செட்டிங்கோட வாக்குறுதி. வெட்டினது என்ன? மத்த சத்தத்துக்கு அடியில மறைஞ்சு போற, காது கவனிக்காததாப் பாத்துத்தான் வெட்டுவாங்க. மேல 16 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி இருக்குறதும் போகும், அது வயசு ஏற ஏற நமக்கே கேக்காத இடம். கேக்காததை வெட்டி, அதை ஊகத்துல மறுபடி வரைஞ்சா, கேக்காததுதானே திரும்ப வரும்? நல்ல தரமான ஃபைல்ல நான், ரெண்டு சிநேகிதங்க, யாருமே 12-ஐத் தொடலை. இது எங்க மூணு பேர் கூத்து, விட்டுத்தள்ளுங்க. 2007-ல மேயர், மோரான்னு ரெண்டு பேர் இதைவிடப் பெரிய கேள்வியை எடுத்துக்கிட்டாங்க. சூப்பர் ஆடியோ சிடி மாதிரியான உயர்தர ஒலியை சாதா சிடி தரத்துக்கு இறக்கினா யாருக்காவது தெரியுமான்னு 554 தடவை சோதிச்சாங்க. சரியாச் சொன்னது 276. பாதிக்கும் ஒண்ணு கம்மி. அசல் உயர்தரத்துக்கே இந்த கதின்னா, போன் ஊகிச்சு வரையறதுக்கு என்ன கதி?

டால்பியும் சரவுண்டும் வேற ரகம். அதுல ஆன், ஆஃப் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும், 16-க்கு 16 எடுக்கலாம். கேள்வி 'தெரியுதா'ங்கறது இல்லை, 'நல்லாருக்கா'ங்கறது. இங்கதான் கொஞ்சம் நின்னு பேசணும்.

தியேட்டர் அட்மாஸ்ங்கறது ஒரு பெரிய சமாச்சாரம். 2012 டிசம்பர்ல வந்த 'சிவாஜி 3டி'தான் நம்ம நாட்டுல அட்மாஸ்ல வந்த முதல் படம். தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர், மொத்தம் 64 வரைக்கும் தனித்தனியா ஓட்டலாம், எந்தச் சத்தம் எந்த மூலையிலேர்ந்து வரணும்னு மிக்ஸ் பண்றவரே குறிச்சு வச்சிருப்பார். அட்மாஸுக்குன்னே மிக்ஸ் பண்ணின பாட்டும் இப்ப இருக்கு, ஆப்பிள் 2021-ல ஆரம்பிச்சுது. அதை ஹெட்போன்ல கேக்கறது நியாயமான விஷயம், அதோட எனக்குச் சண்டை இல்லை. ஆனா நாம கேக்கற பாட்டுல முக்கால்வாசி சாதா ஸ்டீரியோ. இடது, வலதுன்னு ரெண்டே ரெண்டு தடம். அதுல 'தலைக்கு மேல'ங்கற சேதியே இல்லை. இல்லாததை பட்டன் எங்கேர்ந்து கொண்டுவரும்? கொஞ்சம் எதிரொலி, கொஞ்சம் இடவல மாத்தம், கொஞ்சம் பேஸ், இவ்வளவையும் கலந்து 'பெரிய ரூம்'ங்கற நெனப்பைக் கொண்டுவரும்.

இதை அப்பட்டமாப் பாக்கணும்னா நம்ம ஊர்ப் பாட்டையே போட்டுப் பாருங்க. பூளவாடியில பொறந்த உடுமலை நாராயணகவி எழுதி, சி.எஸ்.ஜெயராமன் பாடின 'பராசக்தி' (1952) காக்கா பாட்டு. மோனோ பதிவு, ஒரே தடம். ஆஃப்ல கேட்டா ஜெயராமன் நம்ம மண்டைக்கு நட்டநடுவுல நின்னு பாடறார், அந்த வார்த்தை ஒவ்வொண்ணும் கல்லுல செதுக்கின மாதிரி விழும். ஆன் பண்ணுங்க, மனுசன் அப்படியே கல்யாண மண்டபத்துக்குள்ள போயிடறார். மைக் செட்டுக்காரர் எக்கோ வச்சுட்டு டீ குடிக்கப் போன மாதிரி! கவிராயர் பாட்டுல சேதியே வார்த்தைதான். அதைக் கரைச்சுட்டு 'சரவுண்ட்'னு வேற சொல்லிக்கறாங்க.

ஸ்டீரியோ பாட்டுலயும் என் கட்சி இதுதான். ரஹ்மானோட ஒலிப்பதிவாளரா இருந்த எச்.ஸ்ரீதர் (2008-ல காலமாயிட்டார்) மாதிரி ஆளுங்க, பாடகர் குரல் எவ்வளவு பக்கத்துல நிக்கணும், புல்லாங்குழல் எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு ராப்பகலா உக்காந்து முடிவு பண்ணினது அது. போன் சிப்புல இருக்குற ஒரு ஃபார்முலா எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரி அதைக் கலைச்சுப் போடறது, நல்லா வச்ச கொழம்புல பந்திக்கு வந்தவன் அவன் பாட்டுக்கு உப்பு அள்ளிக் கொட்டற மாதிரி. எங்க சோதனையிலயும் அளவு சமம் பண்றதுக்கு முன்னாடி எல்லாரும் 'ஆன்'ஐத்தான் எடுத்தாங்க. சமம் பண்ணினதும் அந்த மெஜாரிட்டி கலைஞ்சு போச்சு. சண்டைக்காட்சிக்கும் கிரிக்கெட்டுக்கும் மட்டும் 'இருந்துட்டுப் போகட்டும்'னு விட்டாங்க. அது ருசி, அதுல நான் தலையிடலை.

சரி, அந்த அக்மார்க் கால்வாசிக்கு வர்றேன்.

எங்க சித்தப்பா இந்தப் பக்கத்து நூல் மில்லு ஒண்ணுல ரிங் ஃப்ரேம்ல முப்பது வருஷம். இப்ப ரிட்டையர்டு. 'பேசறது கேக்குது கண்ணு, என்ன பேசறாங்கன்னுதான் வெளங்க மாட்டீங்குது'ம்பார். வருஷக்கணக்கா எந்திர இரைச்சல்ல நின்ன காதுக்கு முதல்ல போறது உச்சத்துச் சத்தம், குறிப்பா 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டின இடம். ச, ஸ, த, க எல்லாம் பிரிஞ்சு தெரியறது அந்த வட்டாரத்துலதான். போன் செட்டிங்குல எங்கயோ அடியில, 'காதுக்கு ஏத்தபடி ஒலி'ங்கற மாதிரி ஒண்ணு இருக்கும். ஒவ்வொரு காதுலயும் பீப் பீப்னு போட்டுக் காட்டி, 'கேக்குதா?'ன்னு கேட்டு, கேக்காத இடத்தை மட்டும் தூக்கிக் குடுக்கும். அவருக்கு அதைச் செஞ்சு வச்சு, பழைய சினிமா வசனம் ஒண்ணைப் போட்டு, அவருக்குத் தெரியாமலே ஆன், ஆஃப் மாத்தி மாத்திப் போட்டேன். ஒரு தடவைகூட தப்பாச் சொல்லலை. "இதுல வார்த்தை வருது, அதுல சத்தம் மட்டும் வருது" அவ்வளவுதான் சொன்னார். எங்க மூணு பேர் பொடிக்காதுக்கும் பிடிபடாத வித்தியாசத்தையெல்லாம் வித்துக்கிட்டு இருக்கற உலகத்துல, இவருக்குப் பிடிபட்டது பொட்டி மேல ஸ்டிக்கராக்கூட இல்லை. (இது காது மிஷினுக்கு மாத்து இல்லை. காது டாக்டரைப் பாக்கறதுதான் முதல் வேலை, கூட்டிட்டுப் போயிட்டு வந்தாச்சு.)

இங்க ஒரு கணக்கைச் சொல்லிடறேன். நம்ம நாட்டு ஃபேக்டரி விதிப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை போகலாம். உலக சுகாதார நிறுவனம் பாட்டுக் கேக்கறவங்களுக்குச் சொல்றது, 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல்னா வாரத்துக்கே 4 மணி நேரம்தான். அதாவது மூணு டெசிபல் ஏறினா நேரம் பாதியாயிடும். 'தெளிவு'ங்கற பேர்ல சத்தமில்லாம மூணு டெசிபல் ஏத்தி விடற ஒரு பட்டன், நம்ம காதோட ஆயுசுல பாதி நேரத்தைக் கடனா வாங்கிக்குது. உடுமலையிலேர்ந்து கோயமுத்தூர் பஸ்ல, எஞ்சின் இரைச்சலுக்கு மேல பேஸ் பூஸ்ட் வச்சுக் கேக்கற பசங்களைப் பாத்தா எனக்குச் சித்தப்பா ஞாபகம்தான் வருது. அவருக்காவது சம்பளம் குடுத்தாங்க.

அந்தப் பசங்க தேடற பேஸ் பெரும்பாலும் செட்டிங்குல இல்லை, காதுல சொருகற ரப்பர்ல இருக்கு. ரப்பர் சரியா அடைக்கலைன்னா பேஸ் அந்த சந்து வழியா ஓடிடும், வெளி இரைச்சலும் அதே வழியா உள்ள வந்துடும். கூடவே வர்ற மூணு சைஸையும் மாட்டிப் பாருங்க, ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ்தான்னு கட்டாயமும் இல்லை. அதுக்கும் மேல வேணும்னா ஈக்வலைசர்ல கூட்டறதை விட்டுட்டு, உறுத்தற இடத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க. குறைச்சா சத்தம் உடையாது, வால்யூமும் ஏமாத்தாது. ஹெட்போன் மலிவா இருந்தா இந்த ஒண்ணுலயே நல்ல மாத்தம் தெரியும்.

பி.கு: கடைக்குப் போறவங்களுக்கு ஒரு டிப்ஸ். தம்பி பட்டனைத் தட்டினதும், "கொஞ்சம் இருப்பா"ன்னு வால்யூமை ரெண்டு புள்ளி இறக்கிட்டு மறுபடி கேளுங்க. அப்பவும் ஆயிர ரூவாய்க்குப் பொறுமின்னா தாராளமா வாங்குங்க.