சுட்டிக்கு ஒரு சுட்டி

"அக்கா, அடுத்த தடவை வரும்போது எங்களுக்கு ஒரு எலி வாங்கி வரணும்!" என்று பழவேற்காட்டிலிருந்து போன் வந்தது. பக்கத்தில் காய் நறுக்கிக் கொண்டிருந்த என் மாமியார், "ஏண்டி, அந்த ஊரில் எலிக்கா பஞ்சம்?" என்றார்.

கேட்டது கம்ப்யூட்டர் சுட்டி. ஏரியில் இறால் பிடிக்கும் குடும்பம். எங்களுக்கு வெகு நாள் பழக்கம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். அண்ணன், தங்கை இருவருக்கும் அதில் விளையாட்டுப் பித்து. பழவேற்காட்டு ஏரியில் வலை போடும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக் கொள்வார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். இந்த வீட்டில் கம்ப்யூட்டருக்கும் பாடு உண்டு. இன்று அண்ணன் பாடு, நாளை தங்கை பாடு. சண்டை வந்தால் அம்மா பாடு திண்டாட்டம்!

ரிச்சி தெருக் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, பையன் சொல்லியனுப்பிய ரேஸர் டெத்ஆடர் எசென்ஷியல். மற்றது லாஜிடெக் ஜி102. அட்டைப் பெட்டியில் டி.பி.ஐ. என்று ஒன்றில் 6400, இன்னொன்றில் 8000. புடவைக் கடையில் நூல் எண்ணைப் பார்ப்பது போல் பெரிய எண்தான் உயர்த்தி என்று எண்ணினேன். அப்படியில்லையாம். சுட்டியை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை படியாக எண்ணுகிறது என்பதுதான் டி.பி.ஐ. குறி பார்த்துச் சுடும் ஆட்டங்களில் கைதேர்ந்தவர்களே பெரும்பாலும் 400க்கும் 1600க்கும் நடுவில்தான் வைத்துக் கொள்கிறார்கள். அதற்கு வெகுவாக மேலே போனால், தும்மினாலே குறி தப்பிவிடும்!

"எண்ணை விடுங்கம்மா, பிடிக்கப் போகிற கை எப்படி?" என்றார் கடைக்காரர்.

எனக்குத் திக்கென்றது. அந்தப் பெண் நொட்டாங்கைக்காரி! சாப்பாட்டுத் தட்டில் இடக்கை வைத்ததற்காகப் பாட்டியிடம் எத்தனையோ அடி வாங்கியவள். ரேஸரோ வலது உள்ளங்கைக்கென்றே வளைந்து கிடந்தது. என் கைக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அதை வாங்கினால், தன் பாடு வரும் நாளில் அவள் தடுமாறித் தோற்பாள். "பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் வராது" என்று சொல்ல அண்ணனுக்கு வசதியாகிவிடும்.

ஜி102 இரு பக்கமும் ஒரே வடிவம். எடையும் 85 கிராம்தான். மற்றதைவிடச் சுமார் பத்துக் கிராம் குறைவு. பக்கவாட்டுப் பொத்தான் இரண்டும் இடது புறத்திலேயே இருக்கின்றன. அவளுடைய கட்டைவிரலுக்கு எட்டாதுதான். அந்த வேலையைக் கீபோர்டுக்கு மாற்றிக் கொள்ளலாம். வயர் இல்லாத ரகத்தையும் காட்டினார். இறால் விற்ற பணத்தில் எண்ணிக் கொடுத்தது. பாட்டரிச் செலவு வேறு எதற்கு? வயர் வைத்ததையே கட்டச் சொன்னேன்.

பிரித்துப் பார்த்ததும் பையன் முகம் வாடியது. "கட்டைவிரல் வைக்க மேடே இல்லையே, அத்தை!" தங்கை பேசவில்லை. இடக்கையால் இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்துக் கொண்டேயிருந்தாள்.

மறு வாரம் மறுபடி போன். விளையாட்டின் அமைப்பில் இடது பொத்தானை வலதாக மாற்றி ஆடியவள், தன் பாடு முடிந்ததும் திருப்பி வைக்கவில்லையாம். அண்ணன் எதிரியை நேருக்கு நேர் பார்த்து அழுத்துகிறான், அழுத்துகிறான், துப்பாக்கி வெடிக்கவே இல்லை! "வேணும்னே செய்தாள், அத்தை" என்கிறான் அவன். "மறந்துட்டேன் அத்தை" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதில் சிரிப்பு கேட்டது.