மணிக்கூட்டு டயலில் கடைக்காரர் பெயர்: விளம்பரமா, அமானிதமா?



பழைய மணிக்கூடு சேர்ப்பவர்களிடம் ஓயாத வாதம் ஒன்று உண்டு. டயலில் செய்த கம்பனியின் பெயரோடு விற்ற கடையின் பெயரும் இருந்தால் அது மதிப்பா, குறையா? "செய்தவன் பெயர் போதும், கடைக்காரனுக்கு அங்கே என்ன விளம்பரம்?" என்கிறார்கள் சிலர். "எந்த ஊரில் யார் விற்றது என்று சொல்லும் அடையாளமே அதுதான்" என்கிறார்கள் மற்றவர்கள்.

சந்தை இரண்டாவது கட்சிப் பக்கம்தான். 2021 டிசம்பரில் சுவிஸ் கம்பனி படேக் பிலிப், அமெரிக்க நகைக்கடை டிஃபனியின் பெயரும் அதன் நீல நிறமும் உள்ள டயலோடு 170 மணிக்கூடுகள் மட்டும் செய்தது. கடை விலை ஏறத்தாழ 52 ஆயிரம் டொலர். அதில் ஒன்று நியூயோர்க்கில் நன்கொடைக்கான ஏலத்தில் 65 இலட்சம் டொலருக்குப் போனது.

இது கோடீஸ்வரர் கதை என்று விட்டுவிடாதீர்கள். 1886இல் பம்பாயில் தொடங்கிய வெஸ்ட் எண்ட் வோச் கம்பனியைப் பாருங்கள். மணிக்கூடுகள் செய்யப்பட்டது சுவிற்சர்லாந்தில். டயலில் இருந்ததோ வெஸ்ட் எண்ட் பெயர். பலவற்றில் பம்பாய், கல்கத்தா என்று ஊர்ப் பெயரும் இருந்தது. இந்தியச் சிப்பாய்கள் கட்டினார்கள், அரபு நாடுகளிலும் நல்ல பெயர் எடுத்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஓர் அண்ட் சன்ஸ் கடையும் தன் பெயர் போட்ட மணிக்கூடுகளை விற்றது.

அன்று வாங்கியவருக்குச் சுவிஸ் கிராமம் எது என்று தெரியாது. தெரிந்தது கடை வாசல்தான். ஓடாவிட்டால் அங்கேதான் போய் நிற்பார். அதைத் தெரிந்துகொண்டே வியாபாரி தன் பெயரை முகப்பில் போட்டார். "குறை வந்தால் என்னிடம் வா" என்பதுதான் அதன் பொருள். எனவே என் கருத்து: அந்தப் பெயர் டயலுக்கு அசிங்கம் அல்ல, அது ஓர் அமானிதம். ஆனால் பெயருக்குப் பின்னால் பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது வெறும் மை.

அந்த மைக்குத்தான் இன்று நம் பிள்ளைகள் காசு கொடுக்கிறார்கள். வேளாண்மை வெட்டிய காசிலோ, கட்டாரில் உழைத்த காசிலோ, பேஸ்புக்கில் "ஒரிஜினல் அண்டிக்" என்று கண்டதை வாங்குகிறார்கள். பழைய டயலைச் சுரண்டிப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, விலைபோகும் பெயரை அச்சடிப்பது தனித் தொழிலாகவே நடக்கிறது. உறை தேய்ந்து டயல் மட்டும் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். எழுத்து தடித்து, கோணலாக இருக்கிறதா பாருங்கள். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய வெஸ்ட் எண்டில் பெரும்பாலும் உள்ளே இயந்திரத்திலும் பெயர் இருக்கும். திறக்க மறுத்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது நமது மார்க்கம். "பில் இல்லாமல் எடுத்தால் விலை குறைப்பேன்" என்று சொல்லும் நம் ஊர்க் கடைகளுக்கும் இது பொருந்தும். டயலில் பெயர் போட வேண்டாம். பில்லில் பெயரை எழுதிக் கையொப்பம் வையுங்கள், போதும். வாங்குபவர்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.