கோபுரம் காண நிமிரும் கழுத்து

திரையன் ஏரி என்ற பழம்பெயரே மருவித் தென்னேரி ஆயிற்று என்பர். காஞ்சிபுரத்தை அடுத்த அவ்வூர்ப் பக்கத்தில், பட்டுத்தறியில் அமர்ந்தே முதுமை எய்தியோர் உண்டு. பாவில் அறுந்த இழையைத் தேடிக் குனிந்து பழகிய தலை, மாலையில் கோபுரத்தை நோக்கி நிமிர மறுக்கிறது. வலிக்கு அஞ்சிக் கழுத்தை அசைக்காதிருப்பதே பலரது வழக்கம். அசையாத தசையோ மேலும் தளரும், வலியும் வளரும்.

தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. குனியக் குனியக் கழுத்தின் மீதான பாரம் பன்மடங்காகிறது. அதைத் தாங்குவன 7 கழுத்தெலும்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளும். எலும்புத் தேய்மானத்தை மாற்ற இயலாது. தசையை எவ்வயதிலும் வலுப்படுத்தலாம். டென்மார்க்கில் அலுவலக ஊழியரிடையே நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ரப்பர் பட்டையை இழுத்துக் கைகளை உயர்த்தும் பயிற்சியை நாளுக்கு 2 நிமிடம் வீதம் 10 வாரம் செய்தவர்களுக்கே கழுத்து, தோள் வலி குறைந்தது. 12 நிமிடம் செய்தோர் பெற்ற பயனும் ஏறத்தாழ அதுவே.

காலைப் பூசைக்கு முன் நேராக அமர்ந்து, தோள்களைச் செவிப்பக்கம் உயர்த்தி மெல்ல இறக்குக. பின்னர் உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதவாறு ஐந்து எண்ணும்வரை மெல்ல எதிர்த்து அழுத்துக. பத்து முறை போதும். கை மரத்தல், பிடி தளர்தல், நடை தடுமாறல் இருப்பின் முதலில் மருத்துவரை நாடுக.

அன்றாடம் ஏற்றும் விளக்கைப் போல இதுவும் தவறாதிருப்பின், கலசம்வரை கண்ணாரக் காணும் பேறு மீளும்.