ஆகாயத்தில் ஆடும் திரை

மொட்டை மாடியில் உலர்த்திய புடவையை எடுக்கப் போகிறீர்கள். காற்று சற்றுப் பலமாக வீசினால் புடவை உப்பி வந்து முகத்தில் மோதும். கண்ணை மூடிக்கொண்டு நடந்து பாருங்கள். நீங்கள் புடவையிடம் போனீர்களா, புடவை உங்களிடம் வந்ததா? சொல்ல முடியாதல்லவா?

விஞ்ஞானிகளுக்கும் இதே சங்கடந்தான்!

நம் பூமி ஒரு பெரிய காந்தம். சூரியனிலிருந்து மின்சாரத் துகள்கள் விநாடிக்குச் சுமார் 400 கிலோ மீட்டர் வேகத்தில் ஓயாமல் வீசுகின்றன. அந்தச் சூரியக் காற்றைப் பூமியின் காந்த சக்தி திரை போட்டுத் தடுக்கிறது. சூரியனைப் பார்த்த பக்கத்தில் அந்தத் திரை ஏறக்குறைய 65,000 கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. 1961-ல் அமெரிக்காவின் எக்ஸ்ப்ளோரர் 12 அதைக் கடந்தபோது, அங்கே தெளிவான எல்லை உண்டென்று தெரிந்தது. ஆனால் பின்னால் போன கலங்கள் ஒரே பிரயாணத்தில் பல தடவை எல்லையைத் தாண்டின. திரை அசைகிறது! அதன் வேகத்தை அறிய 1977-ல் இரண்டு கலங்களை ஜோடியாக அனுப்பினார்கள். மடிப்பும் நெளிவும் தெரிய வேண்டுமானால் நான்கு வேண்டும்.

ஐரோப்பிய விஞ்ஞானிகள் 'கிளஸ்டர்' என்ற பெயரில் நான்கு கலங்களைச் செய்தார்கள். பத்தாண்டு உழைப்பு. 1996 ஜூன் 4 அன்று, முதல் முறையாகப் பறந்த ஆரியன் 5 ராக்கெட்டில் நான்கும் ஏறின. முக்கால் நிமிஷம்கூட ஆகவில்லை. ராக்கெட் வெடித்துச் சிதறியது. பழைய ராக்கெட்டுக்கு எழுதிய கணக்கைப் புதியதிலும் அப்படியே வைத்திருந்ததுதான் காரணம். சின்னக் குழம்புச் சட்டிக்குப் போட்ட அளவைக் கல்யாண அண்டாவுக்கும் போட்ட கதை!

அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தார்களா? இல்லை. மீந்திருந்த உதிரிப் பாகங்களைக் கொண்டு ஒன்றைச் செய்தார்கள். மற்ற மூன்றையும் புதிதாகக் கட்டினார்கள். 2000-ல் நான்கும் வானேறின. ரும்பா, ஸால்ஸா, ஸாம்பா, டாங்கோ என்று நடனப் பெயர்கள் வேறு.

அவை கண்டது என்ன? குளத்து நீர்மேல் காற்று வீசினால் அலை எழுகிறதே, அதுபோலத் திரையின் ஓரத்தில் பூமியைவிடப் பெரிய சுழல்கள் எழுகின்றன. அவற்றின் வழியே சூரியக் காற்று உள்ளே கசிகிறது. 2004-ல் இது வெளியாயிற்று.

"இதனால் நமக்கென்ன?" என்கிறீர்களா? 1989 மார்ச் 13 அன்று சூரியப் புயலொன்று பூமியின் காந்த சக்தியைக் கலக்கியது. கானடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் விளக்கில்லாமல் தவித்தார்கள். திரை எப்படி அசைகிறது, எங்கே கசிகிறது என்று புரிந்தால்தானே முன்கூட்டி எச்சரிக்க முடியும்?

24 ஆண்டுகள் உழைத்த ஸால்ஸா, 2024 செப்டம்பர் 8 அன்று தென் பசிபிக் கடலுக்கு மேலே எரிந்து முடிந்தது. பொங்கி வழிந்த பாலைத் துடைத்துவிட்டு, மறுபடியும் அடுப்பில் பால் வைக்கிற உங்களுக்கு அந்த விஞ்ஞானிகளின் மனசு நன்றாகவே புரியும்.